காப்பி டம்ளருக்கு மேலே ஒரு முகம்

அண்ணாத்த,

இன்று காலை மருமகள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கையெல்லாம் மாவு. அதனால் என் காப்பியை இடது கையால் நீட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் டம்ளரை வாங்கியதும் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே அதன் ஓரத்தில் எதையோ பிடித்துத் திருகப் பார்த்தன. திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, சூடுதான் இருந்தது. விரல் சுட்டது. அடுத்த நொடி உன் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா? நான் சொல்கிறேன், மருமகள் கை கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறாள். நடுநடுவே "நெசமாவா மாமா?" என்று கேட்கிறாள். "எழுது" என்கிறேன்.

அவளுக்கு முதலில் அந்த இடது கை சமாசாரத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மூர் மார்க்கெட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பெட்டிக் காமிரா அது. உனக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் தையல் கடை. எனக்கு ஸ்டேஷனில் சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றுகிற வேலை. என் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொண்டுவந்தவன், உன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த ரயில் இஞ்சின் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அதுதான் நம் பழக்கத்தின் ஆரம்பம்.

ஒரு காமிராவை இரண்டு பேர் வைத்திருப்பது ஒரு மாட்டை இரண்டு பேர் வைத்திருப்பதுபோல. யார் தண்ணி காட்டினான் என்பதிலேயே பொழுது போய்விடும். நீ படம் எடுத்தவுடனே சுருளைச் சுற்றி அடுத்த படத்துக்குத் தயாராக்கி வைப்பவன். நான் எடுப்பதற்கு முன்னால் சுற்றுபவன். நீ சுற்றிக் கொடுத்ததை நான் மறுபடியும் சுற்றி ஒரு படத்தை வெறுமனே வீணாக்குவேன். நான் சுற்றாமல் கொடுத்ததை நீ அப்படியே அழுத்தி, ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தை ஏற்றிவிடுவாய். பின்னாலிருக்கும் சிறிய சிவப்பு ஜன்னலில் எத்தனையாவது படம் என்கிற எண் தெரியும். அந்த எண்ணில் படம் எடுத்தாகிவிட்டதா என்பதை அது சொல்லாது. ஒருமுறை தாழம்பூர்த் தேரும் என் அத்தையும் ஒரே படத்தில் விழுந்தார்கள். தேர்ச்சக்கரத்துக்கு நடுவே அத்தை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். "டேய், சுத்திட்டியா சுத்தலியான்னு கத்திகினு இருந்தா எதுர்ல கீற குருவி பறந்துடும். சுத்தியாச்சின்னா சோத்துக் கையால குடு. சுத்தலன்னா இடது கையால குடு. இடது கையால வாங்கறவனுக்கு உள்ள சுருக்குன்னு இருக்கும் இல்ல? அப்ப அவனே சுத்திக்குவான்."

யாராவது இடது கையால் நீட்டினால் நம்மில் யாருக்கும் உறுத்தும். அந்த உறுத்தலைப் பிடித்து நீ வேலைக்கு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நமக்குள் ஒரு படம்கூடக் கெடவில்லை. கெட்ட ஒரே படத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் பலகைக் கதவுகளை மூடி, இடுக்குகளில் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் கறுப்புத் துணியைத் திணிப்பாய். நான் ரயில்வே கழித்துப்போட்ட, விளிம்பு உடைந்த சிவப்புக் கண்ணாடியை விளக்குக்கு முன்னால் நிறுத்துவேன். இருட்டறை தயார். கழுவிய படங்கள் நூலில் தொங்கிக் காய்ந்ததும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு எதிரேயிருந்த காப்பி ஓட்டலுக்குப் போவோம். மேஜையைத் துடைத்து, அதன்மேல் உன் துண்டை விரித்து, படங்களை வரிசையாக வைப்போம். படம் பார்க்கிறவர்கள் வருவார்கள். அந்த ஊரில் காமிரா வைத்திருந்த இன்னும் சிலரும் தங்கள் படங்களோடு வந்து உட்காருவார்கள். எந்தப் படம் யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் காப்பியைப் பற்றிய சண்டை ஆரம்பித்துவிடும்.

"சிக்கரி போட்ட காப்பி படத்துக்குத்தான் லாயக்கு. கருகருன்னு அழகா வுழும். வாய்க்கு ஆவாது" என்பாய்.

ஓட்டல்காரர் கல்லாவிலிருந்தபடியே குரல் கொடுப்பார். "அண்ணாத்தைக்குச் சிக்கரி இல்லாம ஒரு டிகிரி காப்பி! அப்பால, இந்த வாரமாவது ஆவி வுழுந்துதா?"

அதுதான் உன் பைத்தியம். காப்பியிலிருந்து எழும்புகிற ஆவியைப் படத்தில் பிடிக்க வேண்டும். வாராவாரம் எடுப்பாய். வாராவாரம் டம்ளர் மட்டும் விழும். எல்லாரும் சிரிப்பார்கள். நீ விடவில்லை. "காப்பில பாதி ருசி நாக்குல, பாதி ருசி மூஞ்சில படற சூட்டுல. அந்தப் பாதிய வுட்டுட்டு டம்ளர மட்டும் எடுத்தா அது பாத்திரக் கட படம்" என்பாய்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் காப்பி வந்தால் முதலில் போனைத்தான் நீட்டுகிறார்கள். எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டு ஆறினதைக் குடிக்கிறார்கள். ஆவி அதில் தானாகவே விழுகிறது. விழுந்திருக்கிறது என்பதைக்கூட அவர்கள் பார்ப்பதில்லை.

நீயாகவே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாய். ஆவிக்குப் பின்னால் கறுப்பு இருக்க வேண்டும். வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதுவும் தாழ்வாக வர வேண்டும். ஓட்டலுக்குள் அதற்கு வழியில்லை. "கடலாண்ட போனா காலைல சூரியன் தரையோட தரையா வரும்டா" என்றாய். ஒரு நாள் கடைசி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், ஒரு கல் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தோம். பையில் காமிரா, கறுப்புத் துணி, பாட்டிலில் டிகாஷன், உன் அப்பாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் காமிராவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் கிட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெளிவாக விழும். அதுவும் நீ கண்டுபிடித்ததுதான்.

விடிந்ததும் கோயிலைத் தாண்டி மணலில் நடந்தோம். குப்பத்தில் பால் வாங்கினோம். சவுக்குச் சுள்ளியை வைத்து அடுப்பு மூட்டினோம், காற்று அணைத்தது. மூட்டினோம், அணைத்தது. கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவன் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் வந்துவிட்டான்.

"இன்னா நைனா, காத்தோட மல்லுக்கு நிக்கிறீங்க? குழி தோண்டு, குழி."

அவனே தோண்டினான். அவனே மூட்டினான். பெயர் கன்னியப்பன் என்றான். நம் வயதுதான் இருக்கும். காதில் ஒரு பீடியைச் செருகியிருந்தான். காப்பி கொதித்ததும் அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாய். ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"இன்னா நைனா இது, கஷாயமா?"

"காப்பி. மெதுவா குடி, அப்பால சொல்லு."

"வாய்ல வைக்க முடில" என்று சொல்லிவிட்டு, டம்ளரோடு தன் வலைப் பக்கம் போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்தான். டம்ளர் காலி. மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "இன்னும் ஒரு வாய் கீதா?" அந்த இரண்டாவது டம்ளரைக் குந்தியபடி, யாரோடும் பேசாமல், கடலைப் பார்த்துக் குடித்தான்.

பிறகு உன் படம். அவனுடைய துடுப்பை மணலில் நட்டு அதில் கறுப்புத் துணியைக் கட்டினோம். காற்றில் பறக்காமல் நான் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டேன். கட்டுமரத்தின் மேல் டம்ளர். நீ மணலில் குப்புறப் படுத்து, ஒரு கையில் உன் அப்பாவின் கண்ணாடியையும் ஒரு கையில் பெட்டியையும் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தாய். வெயில் பின்னாலிருந்து விழுந்தது. அந்தக் கறுப்பின்மேல் ஆவி வெள்ளை நூல்போல எழும்பியது. 'டக்'.

"வுழுந்துட்ச்சிடா! இந்தத் தபா வுழுந்துட்ச்சி!" என்று எழுந்து குதித்தாய்.

கன்னியப்பன் கையை நீட்டினான். "குடு, நான் ஒரு தபா பாக்கறேன்." நீ கொடுத்தாய். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேலேயுள்ள சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தான். "அடப்பாவிங்களா! எங்க கடல இதுக்குள்ள அடைச்சி வச்சிகீறீங்க!" என்று சிரித்தான். பிறகு பெட்டியை என்னிடம் கொடுத்தான். நான் வாங்கினேன். அந்தச் சிரிப்பை விடக்கூடாதென்று, "அப்டியே நில்லு, கடலப் பாத்து நில்லு" என்றேன். நீ உன் அப்பாவின் கண்ணாடியை முன்னால் பிடித்தாய். 'டக்'.

"எப்ப குடுப்பீங்க? என் பொஞ்சாதிகிட்ட காட்டணும். ரொம்பத்தான் பேசறா, நான் எவ்ளோ அய்கா கீறேன்னு பாக்கட்டும்."

"ரோலு முடிஞ்சா கழுவிடுவேன். செங்கல்பட்டு வந்தா ஸ்டேசனாண்ட படம் புடிக்கிற தையக்காரர்னு கேளு."

ரோல் முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சுருள் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் கடைசிப் படம்வரை எடுக்காமல் பெட்டியைத் திறப்பதில்லை என்பது நம் பழக்கம். பெட்டி உன் கடை அலமாரியில் காத்திருந்தது.

மழை விட்ட பிறகு ஒரு நாள், நான் உன் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. தலையெல்லாம் புழுதி.

"படம் புடிக்கிற தையக்காரரு நீதானாண்ணா?"

"ஆமாம்மா."

"நான் கன்னியப்பன் பொஞ்சாதி. பாஞ்சாலை."

"அட! வாம்மா. அவுரு எங்க?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "போன மரம் வந்துட்ச்சி. ஆளு வரல."

உன் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது.

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். "எங்க வூட்ல அவுரு படம்னு ஒண்ணுகூடக் கெடையாது. எங்கூர்ல எவன்கிட்ட கீது? இது அப்பன் மூஞ்சிய பாத்து வச்சிக்கற வயசில்ல. எனக்கே சில நேரம் கண்ண மூடினா கொரலு வருது, மூஞ்சி வரமாட்டேங்குது. நீங்க எடுத்தீங்கன்னு சொல்லிகினே இருந்தாரு. கீதாண்ணா அது?"

எனக்குப் பயமாயிருந்தது. கழுவாத படம் வயிற்றிலிருக்கும் பிள்ளை மாதிரி, வெளியே வருகிறவரை எதுவும் சொல்ல முடியாது. உன் காலை மெதுவாக மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"கீதும்மா. அவுரு மூஞ்சி இந்தப் பொட்டிக்குள்ள பத்திரமா கீது. நீ திரும்ப அலையாத. நானே கொண்டாந்து குடுக்கறேன்."

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நீ பலகைகளை எடுத்துக் கதவை அடைக்க ஆரம்பித்துவிட்டாய். கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டை மிஷினில் அப்படியே கிடந்தது. "ரோல்ல இன்னும் படம் மீதி கீதே அண்ணாத்த" என்றேன். "போனாப் போவுது" என்றாய்.

சிவப்பு வெளிச்சத்தில் சுருளை மருந்தில் ஏற்றி இறக்கினாய். மெல்ல மெல்ல உருவங்கள் வந்தன. திடீரென்று கத்தினாய்.

"ஆவி! டேய், ஆவிடா!"

அவ்வளவு நாள் தேடியது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடம் மாறிய அந்தச் சுருளிலேயே இழை இழையாகத் தெரிந்தது. அடுத்த நொடி நீ வாயை மூடிக்கொண்டாய். நானும் குனிந்து பார்த்தேன். டம்ளருக்கு மேலே, அந்த ஆவிக்குள்ளேயே, கன்னியப்பன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படம் தனியாக எங்கும் இல்லை.

"நீ சுத்தலயா?" என்றாய்.

"நீ சோத்துக் கையாலதான குடுத்த?"

"நான் எங்கடா சோத்துக் கையால குடுத்தேன்? எடுத்த சந்தோசத்துல சுத்தவே இல்ல. இடது கையாலதான் குடுத்தேன்."

நாம் கத்திய கத்தலில் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் பலகையைத் தட்டினார். சண்டை முற்றியதும் நீ ஒரு காரியம் செய்தாய். நூல்கண்டுப் பெட்டியைக் காமிராவாக வைத்துக்கொண்டாய். படுத்தாய், எழுந்தாய், குதித்தாய், இடது கையால் நீட்டினாய். பிறகு இரண்டு எட்டு நகர்ந்து கன்னியப்பன் நின்ற இடத்தில் நின்றாய். வாங்கினாய். கண்ணில் வைத்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, வலது கையால், இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் குனிந்து என்னிடம் கொடுத்தாய். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல.

அப்படித்தான் அவன் கொடுத்தான். எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மரியாதயா குடுத்துகீறான்டா" என்று மட்டும் சொன்னாய். நம் சங்கேதம் அவனுக்கு எப்படித் தெரியும்?

முகம் பிழைத்ததே உன் கறுப்புத் துணியால்தான். டம்ளருக்குப் பின்னால் கறுப்பு இருந்ததால் அந்த இடம் சுருளில் காலியாக இருந்திருக்கிறது. அங்கேதான் அவன் முகம் விழுந்தது. கண்ணும் மூக்கும் தெளிவு. கன்னத்தின்மேல் மட்டும் ஆவி ஓடியது, வாயை டம்ளரின் விளிம்பு கொஞ்சம் மறைத்தது.

நான்தான் உன்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, "கவலையே வேணாம். பொகைய சுரண்டிடறேன். வாயி, கன்னமெல்லாம் பென்சில்ல போட்டுக்கலாம். தோள்ல ஒரு கோட்டும் மாட்டிடறேன், நல்லா கவுரவமா இருக்கும்" என்றார்.

"வாய நீ போட்டா அது உன் வாயி. அவன் வாயி எங்க?" என்று கேட்டாய்.

"கீறது அவ்ளோதானேப்பா."

"கீறத கொண்டுபோய்க் குடுக்கறேன்."

சுருளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். அதற்கப்புறம் ஒரு வாரம் உன் மத்தியானச் சோறு எப்போது உள்ளே போனதென்று எனக்குத் தெரியாது. தாளைச் சுருளோடு சேர்த்துக் கண்ணாடிக்கு அடியில் வைப்பாய், வெளிச்சம் காட்டுவாய், மருந்தில் போடுவாய். ஒன்றில் ஆவி அடங்கினால் கண் இருண்டுவிடும். ஒன்றில் கண் தெளிந்தால் ஆவி கன்னத்தைத் தின்றுவிடும். காகிதத்தில் சின்ன ஓட்டை போட்டு, கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் காட்டிப் பார்த்தாய். கிழித்துப் போட்டாய். "போதும் அண்ணாத்த" என்றேன். "அந்தக் கொழந்த ஆயுசு முழுக்க பாக்கப்போவுது. எனக்கு ஒரு வாரம் போனா இன்னா?" என்றாய். கடைசியில் ஒன்று உனக்குப் பிடித்தது. ஆவி இருந்தது. ஆனால் அதன் வழியாகக் கண் நம்மைப் பார்த்தது.

குப்பத்துக்குள் நுழைந்ததுமே கன்னியப்பனின் அண்ணன் மறித்துக்கொண்டான். "பொட்டியக் காட்டி ஆள முழுங்கிட்டீங்க. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இன்னும் இன்னா வோணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வோணாம். ஒரு பொருளக் குடுத்துட்டுப் போறோம்."

"உன் பொருளும் வோணாம், ஒரு மண்ணும் வோணாம். கெளம்பு."

பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பஸ்ஸு நிக்கிது, போயிடலாம்."

"நீ போ மச்சான். நான் குந்திகினு கீறேன்." வெயிலில், வெறும் மணலில் உட்கார்ந்துவிட்டாய். படத்தை மட்டும் சட்டைக்குள் வைத்து நிழல் காட்டினாய். நானும் உட்கார்ந்தேன், வேறென்ன செய்வது? அவர்கள் கொஞ்ச நேரம் ஏசினார்கள். அலுத்துப்போய் வலை பின்ன உட்கார்ந்தார்கள். பாஞ்சாலை மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வரும்வரை நீ அசையவில்லை.

அண்ணன்காரன் மறுபடியும் ஆரம்பித்தான். அவள் கூடையைத் தொப்பென்று வைத்தாள். "கடலு முழுங்கினத பொட்டி தலைல போடாத மாமா. அன்னிக்கி காத்து சரியில்லன்னு நான் சொன்னேன், போவ வேணாம்னு நீயா சொன்ன?" அவன் வலைப் பக்கம் போய்க் குந்திவிட்டான்.

கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அவருதான்" என்றாள். பிறகு விரலால் கன்னத்தைத் தொட்டு, "இது இன்னா, பீடிப் பொகையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்வதற்கு வாயெடுத்துவிட்டேன். நீ முந்திக்கொண்டாய்.

"இல்லம்மா. ரெண்டு படம் ஒண்ணுமேல ஒண்ணு வுழுந்துட்ச்சி. அது காப்பி ஆவி. கீழ தெரியறது டம்ளரு. சொரண்டிக் குடுக்கலாம்னாங்க. எனக்கு மனசு வரல. உனக்குப் புடிக்கலன்னா சொல்லு, அத இன்னும் கொறைக்க முடியுதான்னு பாக்கறேன்."

"காப்பியா? அன்னிக்கிக் குடுத்தீங்களே, அதுவா?"

"அதேதான். ரெண்டு தபா வாங்கிக் குடிச்சாரு."

அவள் நிமிர்ந்தாள். "ரெண்டு தபாவா?"

"ஆமாம்மா. ரெண்டாவது அவுரே வந்து கேட்டாரு."

பாஞ்சாலை சிரித்துவிட்டாள். குழந்தை திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. "வூட்ல வந்து இன்னா சொன்னாரு தெரியுமாண்ணா? கஷாயத்தக் குடுத்தாங்க, வாய்ல வைக்க முடில, துப்பிட்டேன்னாரு. நானும் அய்யோ பாவம்னு வெல்லத்தக் குடுத்தேன். ரெண்டு தபா! திருட்டு மனுசன்!" சிரித்தபடியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் வெகுநேரம் குலுங்கியது. அண்ணன்காரன் எழுந்து கடல் பக்கம் போய் நின்றான்.

அடங்கிய பிறகு சொன்னாள். "ஒண்ணும் கொறைக்க வோணாம். டம்ளரு இருக்கட்டும்." அப்புறம், "அது எப்டித்தான்ணா இருக்கும்?"

அன்று நம்மிடம் காப்பி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே மறுபடியும் பஸ் ஏறினோம். காமிராவை எடுத்துப்போகவில்லை. அவள் குடிசை வாசலில் அடுப்பு மூட்டி நீயே கலந்து கொடுத்தாய். ஒரு வாய் குடித்தாள். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"வாய்ல வைக்க முடில" என்றாள். டம்ளரை நீட்டினாள். "இன்னும் ஒரு வாய் ஊத்து."

அந்த வாரம் ஓட்டலில் துண்டை விரித்து மற்ற படங்களை வைத்தோம். ஓட்டல்காரர் வழக்கம்போலக் கேட்டார். "அண்ணாத்த, ஆவி வுழுந்துதா?"

"வுழுந்துட்ச்சி."

மேஜையிலிருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "எங்க? காட்டு, காட்டு!"

"அது ஒருத்தங்களுது" என்று சொல்லிவிட்டுக் காப்பியை ஊதிக் குடித்தாய். பொய் சொல்கிறாய் என்று எல்லாரும் கேலி செய்தார்கள். வருஷக்கணக்கில் செய்தார்கள். நீ அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆவியை மறுபடியும் எடுக்கப் போகவும் இல்லை. எனக்கு அது பெரிய விஷயமாக அன்று தெரியவில்லை. வயதாக ஆகத்தான் தெரிந்தது.

சரி, இப்போது எதற்காக இதையெல்லாம் எழுதச் சொல்கிறேன் என்று கேட்பாய்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் பெரியவன் கூடத்தில் உன் படத்தைப் பெரிதாகப் போட்டு மாலை போட்டிருக்கிறான். சின்ன விளக்கு ஒன்று எரிகிறது. நான் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "யார்ரா இது?" என்று கேட்டேன்.

"அப்பாதான் சித்தப்பா. பழைய படம் ஒண்ணு இருந்துச்சி, கம்ப்யூட்டர்ல சரி பண்ணச் சொன்னோம்."

சரி பண்ணியிருக்கிறார்கள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துச் சுருங்கிப்போன உன் வலது கண்ணை இடது கண்ணுக்குச் சமமாக்கியிருக்கிறார்கள். கழுத்தில் அளவு நாடா இல்லை. முன்பல்லில் நூல் கடித்த பிளவு இல்லை. கன்னம் வெண்ணெய் தடவியதுபோல இருக்கிறது. இத்தனைக்கும் மேலே நீலக் கோட்டு! ஊருக்கெல்லாம் கோட்டுத் தைத்துக் கொடுத்த நீ, அளவு பார்ப்பதற்குக்கூட ஒரு கோட்டை உன் தோளில் போட்டுக்கொண்டதில்லை.

"எடுத்துடுடா" என்றேன்.

"நல்லாத்தான சித்தப்பா இருக்கு? பாக்கறவங்க எல்லாம் அப்பா எவ்ளோ களையா இருக்காருன்னு சொல்றாங்க."

"களையா கீறான். ஆனா உங்கப்பன் இல்ல. உன் பேத்தி நாளைக்கு வளந்து இந்த ஆளத்தான் கொள்ளுத்தாத்தான்னு கும்புடப் போவுது. யாரோ ஒருத்தன கும்புடப் போவுது."

"கிழவருக்கு மனசு சரியில்லை, விடுங்க" என்று உன் மருமகள் உள்ளேயிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அன்று பேசாமல் வந்துவிட்டேன். கையில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் எவ்வளவு நேரம் வாதாடுவது?

இந்த ஒரு வாரமாகப் பரணில் ஏறச் சொல்லிப் பேரனைப் படாதபாடு படுத்திவிட்டேன். நேற்றுக் கிடைத்தது. கடைக்குள் நான் எடுத்த படம். மிஷினுக்கு முன்னால் இருக்கிறாய். அளவு நாடா கழுத்தில். வாயில் நூல். ஒரு கண் சின்னதாக, ஒரு கண் பெரிதாக, "சீக்கிரம் எடுத்துத் தொலைடா" என்று திட்டப்போகிற முகம். ஓரம் கொஞ்சம் அரித்திருக்கிறது, காதோரம் ஒரு கறை இருக்கிறது. பிரிண்ட் போடுகிற கடைக்காரன் அதை எடுத்துவிடுகிறேன் என்றான். பெரிதாக மட்டும் போடு, வேறெதையும் தொடாதே என்று சொல்லி, அவன் போட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாஞ்சாலைக்கு நீ கொண்டுபோய்க் கொடுத்த முகம் மாதிரி, நீயும் இருந்தபடிதான் இருக்க வேண்டும் அண்ணாத்த. அதற்காக மணலில் உட்கார்ந்தவன் நீ. உன் வீட்டுக் கூடத்தில் உட்காருவதற்கு எனக்கென்ன? மின்விசிறி இருக்கிறது. உன் மருமகள் வேண்டா வெறுப்பாகவாவது காப்பி கொடுப்பாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அந்தக் கோட்டைக் கழற்றாமல் திரும்பமாட்டேன்.